ஒன்றுவிட்டு ஒரு படி

என் அக்கா திரைச்சீலை தைக்கிறவள். ஆனால் தெருவில் அவளுக்கு இன்ஜினியர் என்றுதான் பெயர். குழாய் ஒழுகினால் அவளே குறடு எடுப்பாள், கதவு உரசினால் அவளே கழற்றி இழைப்பாள். ஆள் கூப்பிடலாமே என்று சொன்னால், வந்தவன் செய்ததை நான்தானே மறுபடி செய்ய வேண்டும் என்பாள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அவளுக்குக் கோபமே வராது, பிடிவாதம்தான் வரும். இரண்டில் எது மோசம் என்று ஐம்பது வருடமாக எங்களுக்குள் வழக்கு நடக்கிறது.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிப் போனோம். அதன்பிறகு இரண்டு மாதமாக அவர் கீழே இறங்கவில்லை. மூக்குக் கண்ணாடி பழுது பார்ப்பது அவர் தொழில். மேசையும் வெளிச்சமும் மாடி ஜன்னலோரம்தான். அறைக்குள் நடக்கப் பழகிவிட்டார். படி இறங்கலாம், ஆனால் கைப்பிடி உறுதியாக இருக்க வேண்டும், இன்னொரு முறை விழுந்தால் அப்புறம் நடையே கிடையாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த வீட்டு மாடிப்படியோ மரம். பதினான்கு படி. கீழிருந்து நான்காவது படி மிதித்தால் முனகும். கைப்பிடியைத் தாங்கும் கீழ்த்தூண் அடியில் விரிசல் விட்டு, விழப்போகிற பல் மாதிரி ஆடும். அத்தான் தானே இறங்கி வாசல்வரை வர வேண்டும் என்று அக்கா முடிவு கட்டினாள். முடிவு கட்டினால் அவ்வளவுதான், பிரம்மனே வந்தாலும் மாற்ற முடியாது.

நான்கு நாள் அந்தப் படியிலேயே கிடந்தாள். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்தாள். முனகிய படிக்கு அடியில் ஆப்பு வைத்து ஸ்க்ரூ முடுக்கினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது உதிர்ந்த மரத்தூளை ஒரு டப்பாவில் சேர்த்து, அதில் கொஞ்சத்தைப் பசையில் குழைத்துச் சந்துகளை அடைத்தாள். கைப்பிடிக்கும் படிக்கும் நடுவில் வரிசையாக நின்ற சின்னக் கால்களைக் கழற்றிக் கழுவிக் கொல்லையில் காயப்போட்டாள். நான்காம் நாள் காலையில் தூணின் விரிசலுக்குள் பசை ஊற்றி, கயிறு சுற்றி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கினாள். மறுநாள் காலைவரை கைப்பிடியை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

அப்புறம் வார்னிஷ். எல்லாப் படிக்கும் ஒரேயடியாக அடித்தால் மாடிக்கு யார் போவது? அதனால் ஒன்றுவிட்டு ஒரு படிக்கு அடித்தாள். மேலிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று கீழ்வரை ஈரம். மற்றவை காய்ந்தவை. தச்சர்கள் வழக்கமாகச் செய்கிற யுக்திதான். ஐம்பத்தெட்டு வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி எனக்கு வேறு செய்து காட்டினாள். ஈரத்தில் தூசி ஒட்டிவிடுமாம், மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டாள். எனக்குத் தும்மல் வந்தபோது வாசலுக்குத் துரத்தினாள்.

வியர்வையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"கட்டிலைக் கீழ கொண்டுவந்து போட்டா முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு இவ்வளவு கூத்து? அவரு இனிமே படி இறங்கி என்ன ஆகப்போகுது?"

மெதுவாகப் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அக்கா உதட்டில் விரல் வைத்தாள். அதற்குள் மாடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இருவரும் ஓடிவந்து பார்த்தோம்.

அத்தான் படியில் நின்றார். வலது கால் முதல் படியில். இடது கால் இரண்டாவது படியில், ஈர வார்னிஷின் மேல். அந்தக் கால் கொஞ்சம் வழுக்கி விளிம்புவரை வந்திருந்தது. அதைத் திரும்ப மேலே தூக்க அவருக்கு வலு இல்லை. முன்னால் வைக்கவும் முடியாது. வலது கையால் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். அவர் எடை முழுவதும் அந்தக் கைப்பிடியில், கைப்பிடியின் எடை பசை காயாத தூணில்.

"கைப்பிடியை விடுங்க" என்று கத்தினேன். என் புத்தி அவ்வளவுதான்.

"விடாதீங்க. அப்படியே நில்லுங்க" என்றாள் அக்கா. என்னைத் திரும்பிப் பார்க்காமலே, தூணைத் தாங்கிக்கொள்ளச் சொன்னாள். நான் தூணைக் கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தேன். விரிசலிலிருந்து பசை பிதுங்கி என் சட்டையில் இறங்கியது.

அவள் மரத்தூள் டப்பாவை எடுத்தாள். கீழ்ப்படியிலிருந்து ஏறிக்கொண்டே ஒவ்வொரு ஈரப்படியிலும் தூளை அள்ளி அள்ளி வீசினாள். கண்ணாடி மாதிரி மின்னிய படியெல்லாம் சொரசொரத்துப் போயிற்று. மேலே போய் அவர் காலைச் சுற்றியும் கொட்டிவிட்டு, இடது கையின் கீழே தன் தோளை நுழைத்தாள்.

"இறங்குங்க."

அவர் கீழே பார்த்தார். "உன் வேலையெல்லாம் கெட்டுடுமே."

"மிதிங்க. எல்லாத்தையும் மிதிங்க."

வலது காலும் இரண்டாவது படிக்கு வந்தது. பிறகு இடது கால், வலது கால். இடது கால், வலது கால். ஒவ்வொரு படியிலும் தூண் என் தோளில் முட்டியது. நடுவில் ஒருமுறை அவர் முழங்கால் மடங்கியது. கயிற்றுக் குச்சி தெறித்து என் காதில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு தூணைத் தாங்கிப் பிடித்தேன். அவர் மட்டும் விழுந்துவிட்டால் நான் பேசிய பேச்சுதான் அவரைத் தள்ளியது என்று சாகும்வரை தெரிந்திருக்கும். வேறொன்றும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

கடைசிப் படியும் முடிந்தது. அத்தான் தரையில் நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். நான் பேசியது காதில் விழுந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும் என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அக்கா எண்ணெயும் துணியும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். அவருடைய இடது காலை மடியில் வைத்து, பாதத்தில் ஒட்டிய வார்னிஷைத் துடைத்தாள்.

"ஒண்ணு விட்டு ஒண்ணு தாண்டி வரலாம்னு அடிச்சேன்" என்றாள். "உங்களுக்காகத்தான் செஞ்சேன். உங்க காலையே மறந்துட்டேன்."

அதுவரை அவள் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

"நானும்தான்" என்றார் அத்தான். "உன் தம்பி மேல கோபத்துல, அதை மறந்துட்டுதான் முதல் படியில காலை வெச்சேன். அந்த ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு."

அக்கா அவருடைய வலது காலை எடுத்து மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.