ஞாயிற்றுக்கிழமை வள்ளம் நிறுத்த இடம்

இன்னைக்கு மாதா கோயில்ல ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சு கடற்கரைக்கு வந்தா, புதுசா ஒரு போர்டு. ஞாயிறு, விடுமுறை நாள்ல இங்கன படகு ஏத்தவோ நிறுத்தவோ கூடாதாம். பொதுமக்கள் வந்து போற இடமாம்.

போர்டு நட வந்த ஆபீசர்கிட்ட கேட்டேன். "சார், ஆறு நாளும் தொழிலுக்குப் போயிருதோம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கடலுக்குப் போகாம வள்ளத்தைக் கரையேத்தி வைக்கோம். அன்னைக்கும் கூடாதுன்னா எங்கன கொண்டு வைக்க?"

"அது உங்க பிரச்சினை. வர்ற ஜனங்களுக்கு நடக்க இடம் வேணும்லா?"

என் மச்சான் கேட்டான், "கோயிலுக்குள்ள கொண்டு வைக்கட்டுமா சார்?"

ஆபீசர் சிரிக்கலை.

ஜீப்புல ஏறப் போனவர் திரும்பி வந்தார். "ஒரு உதவி. ஜனங்க செல்ஃபி எடுக்க இங்க ஒரு படகு வைக்கப் போறோம், பெயின்ட் அடிச்சு. ஓட்டை விழுந்த பழைய வள்ளம் இருந்தா சொல்லுங்க."

ஆக, கடலுக்குப் போற வள்ளம் கிடந்தா இடைஞ்சல். போகாத வள்ளம் கிடந்தா அழகு.

மச்சான் இப்ப எங்க வள்ளத்தையே சுத்திச் சுத்தி வாரான். ஓட்டையை எங்கன போடலாம்னு பாக்கான்.

உங்க யோசனையையும் சொல்லுங்க மக்கா. திங்கக்கிழமை கடலுக்குப் போறதுக்கு முன்னாடி அடைக்கத் தோதான இடமா இருக்கணும்.