கிளைச் செயலாளர் வீட்டு எதிர்க்கட்சிப் பாட்டு

தேர்தல் முடிந்த மறுநாளே யாருக்கும் வேண்டாமல் போகிற கட்சிப் பிரசாரப் பாட்டு இசைத்தட்டுகளை ஊர் ஊராகத் தேடி, கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது என் பிழைப்பு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நம்மை வேவு பார்க்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

படகுத்துறையில்

பழவேற்காட்டில் இறால் விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி, அதன் பழைய இசைத்தட்டு யாரிடமாவது இருக்குமா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "அக்கரைல, பசியாவரத்துல மாசிலாமணி வூட்ல கீது. ஆனா அவுரு அந்தக் கட்சிக்கு ஆவாதவரு, பாத்துப் பேசு."

குளிப்பாட்டிய தட்டு

மாசிலாமணி தன் கட்சிக்குக் கிளைச் செயலாளர். வாசலிலேயே கொடி. தட்டில் பாடியிருப்பது அவருடைய அண்ணன், எதிர்க்கட்சியின் மேடைப் பாடகர். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. மிச்சம் அந்தக் குரல்தான். பாட்டுப்பெட்டி கெட்டுப்போனதிலிருந்து அதையும் கேட்க முடியவில்லையாம்.

இறால்கார அம்மாள் போனில் சொல்லி நான் வருவது தெரிந்து, தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, வலைமேல் இறாலோடு இறாலாக உச்சி வெயிலில் காயப் போட்டிருந்தார். அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. எனக்குப் பகீரென்றது. வேறு பிரதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் முகமும் வெளுத்துவிட்டது. "ஈரமா குடுத்தா மரியாதையா இருக்காதுனுதான் சார் காய வெச்சேன்."

கதவுக்குள்ளே

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தட்டை வைத்து, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை மேலே ஏற்றினோம். பொறுமையாகக் காத்திருந்ததில் ஓரளவு நிமிர்ந்தது. நான் கொண்டுபோன கருவியில் வைத்ததும், முள் அலைமேல் படகாக ஏறி இறங்கியது. மாசிலாமணி அவசரமாகக் கதவைச் சாத்தினார். "மெல்ல வையி சார், எங்க கட்சிக்காரன் காதுல வுழுந்தா என் மானம் பூடும்."

இரண்டு வரிக்கு நடுவே

குரல் வந்தது. எத்தனையோ தட்டு கேட்டவன் நான், எனக்கே உடம்பு சிலிர்த்தது. என்ன கம்பீரம்! பாட்டில் வந்த வசவு அத்தனையும் மாசிலாமணியின் கட்சிக்குத்தான். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வரிக்கு நடுவே பாடகர் இழுத்து மூச்சு வாங்கினார். மாசிலாமணி சட்டென்று நிமிர்ந்து, அந்த இடத்தையே திரும்ப வைக்கச் சொன்னார். வைத்தேன். எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தார். "அது எங்க அண்ணன் மூச்சு சார். சத்தமா வையி, எவன் கேட்டா இன்னா!"

கணினி இரைச்சல் என்று காட்டிய அந்த மூச்சை நான் நீக்கவில்லை. அலுவலகத்தில் யாராவது கேட்டால், கிளைச் செயலாளர் உத்தரவு என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.