திருநீற்று மரவையில் ஜப்பான் மாவு

இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் நெற்றியில் கஞ்சி மாவைப் பூச வைத்த பெருமை எனக்கு உண்டு. அப்போது எனக்கு வயது ஒன்பது. காரைக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது.

முதலில் அயித்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம்; அயித்தை என் அப்பச்சியின் தங்கை. கல்யாணமாகி நான்கு வருடம் ஜப்பானில் இருந்துவிட்டு ஒரு சித்திரை மாதம் தனியாக வந்து இறங்கினாள். லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொன்னார்கள். ஆனி முடிந்த பிறகும் அந்த லீவு முடியவில்லை.

அவள் கொண்டுவந்ததில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டிகள். அங்கே மலையில் படரும் ஒரு கொடியின் வேரை இடித்து, பனிக்காலத்துத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கரைத்து, அடியில் படிவதை எடுத்துக் காயவைப்பார்களாம். அதன் ஜப்பானியப் பெயரை அயித்தை ஒரே ஒரு தடவைதான் எங்கள் வீட்டில் சொன்னாள். நம் ஊரில் அது வயிற்றிலிருந்து பிரியும் காற்றின் பெயர்; நாலு பேர் நடுவில் சொல்ல முடியாது. நான் விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்து, அன்றிலிருந்து அவளும் ‘ஜப்பான் மாவு’ என்றே சொல்ல ஆரம்பித்தாள்.

வைகாசியில் மாம்பழத்தை அளவில்லாமல் தின்று எனக்கு வயிறு கெட்டுப்போனது. ஆத்தா கஞ்சி காய்ச்சக் கூவைக்கிழங்கு மாவைத் தேடிக்கொண்டிருக்க, அயித்தை தன் பொட்டலத்திலிருந்து இரண்டு கட்டியை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கரைத்தாள். பனங்கற்கண்டு போட்டு, தீயைக் குறைத்து, கை ஓயாமல் கிண்டினாள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது மெல்லக் கெட்டிப்பட்டு, திடீரென்று தெளிந்துவிட்டது. கரண்டி உள்ளே கிடப்பது வெளியே தெரிந்தது.

“அங்க நான் மேலுக்கு முடியாமப் படுத்திருந்தப்ப ஒங்க மாமாதான் இதக் கிண்டித் தருவாக,” என்றாள்.

கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் புருஷனை விட்டுவிட்டு ஏன் வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்பதே சந்தேகம்.

ஆவணியில், ஜப்பானிலிருந்து ஊருக்கு வந்திருந்த மாமா தன் அப்பச்சி, ஆத்தாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் வந்தது. சேர்ந்து வாழ்வதா, தீர்த்துக்கொள்வதா என்று பேசி முடிக்க வருகிறார்கள் என்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டேன். அயித்தை எங்களை விட்டுப் போய்விடக் கூடாது என்று எனக்கு ஆசை. அவள் பழையபடி சிரிக்க வேண்டும் என்றும் ஆசை. இரண்டும் ஒத்துப்போகாது என்றுதான் தோன்றியது.

எங்கள் வீட்டில் வந்தவர்களுக்கு முதலில் திருநீறு கொடுப்பது வழக்கம். அன்று காலை பார்த்தால் திருநீறு வைக்கும் மரக் கிண்ணமான மரவை காலி. “பழனித் திருநீறு அடுப்படி மாடத்துல பொட்டலமா இருக்கு. கட்டிய நுணுக்கிப் போட்டு வையி,” என்று அப்பச்சி என்னிடம் சொன்னார். மாடத்தில் இரண்டு பொட்டலம் இருந்தன. இரண்டிலும் வெள்ளைக் கட்டிகள். நான் கைக்கு எட்டியதை எடுத்து நுணுக்கினேன். விரலில் நறநறவென்றாலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பழனியில் இப்போது நல்ல திருநீறாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்களுக்கு அப்பச்சி மரவையை நீட்டினார். எல்லோரும் பயபக்தியோடு பூசிக்கொண்டு, ஆளுக்கொரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டார்கள். மாமா மட்டும் நாக்கில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“இது திருநீறு இல்லையே,” என்றார்.

புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மருந்து வைத்த கதைகள் எங்கள் பக்கம் ஏராளம். மாமாவின் ஆத்தாவுக்கு அத்தனையும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முற்றத்துக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார். “எம்புள்ளைக்கு என்னத்தக் கலந்து குடுத்தீக?” என்று கத்தினார்.

“நாங்க அப்படிப்பட்டவுக இல்லை, ஆச்சி. புள்ளை எதையோ மாத்தி எடுத்துருச்சு,” என்றார் அப்பச்சி. அவர் நெற்றியில் மூன்று பட்டை மாவு.

“புள்ளை மேல பழியப் போடாதீக!”

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆமாம், நான்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னால் அயித்தையின் வாழ்க்கையே போச்சு என்று நினைத்தேன்.

“ஆத்தா, இது திங்கிற மாவு. அங்க எங்க வீட்டுல இருந்ததுதான்,” என்றார் மாமா.

“அப்படின்னா அவளையே காய்ச்சிக் குடிச்சுக் காட்டச் சொல்லு.”

அதுவரை அறைக்குள்ளேயே இருந்த அயித்தை வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். மாமா பின்னாலேயே போனார். மாப்பிள்ளை அடுப்படிக்குள் நுழைந்ததில் என் ஆத்தா பதறிப்போனாள். மாமாவின் ஆத்தா நிலைப்படியில் காவல் நின்றார். நான் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் தலையை நுழைத்துப் பார்த்தேன்.

அயித்தை பொட்டலத்தில் மீதியிருந்த கட்டிகள் அத்தனையையும் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள். கிண்டிக்கொண்டே இருந்தவளின் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது.

“நிறுத்தாதே, கட்டி தட்டிரும்,” என்று சொல்லி மாமா கரண்டியை வாங்கிக்கொண்டார். அவள் விலகிப் போகவில்லை. இருவரும் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளை மறைந்து தெளிந்ததும் அவரே இரண்டு தம்ளரில் ஊற்றினார். நின்றபடியே குடித்தார்கள்.

“இனிப்பு கம்மி,” என்றார் மாமா.

“ஒங்களுக்கு எப்பவும் கம்மிதான்,” என்று சொல்லி அயித்தை சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அது போதும். மாடிக்கு ஓடினேன். அவள் போகத்தான் போகிறாள் என்று அழுதுகொண்டே பெட்டியை இழுத்துப்போட்டு, அலமாரியிலிருந்த சேலைகளையெல்லாம் மடித்து அடுக்கினேன். கீழே பேச்சு வெகுநேரம் நடந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை. பிறகு மாமா வீட்டாரின் கார் கிளம்பியது.

அயித்தை மேலே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

“மாமா கஞ்சியெல்லாம் காய்ச்சினாகளே. அப்புறம் ஏன் கூட்டிட்டுப் போகலை?”

“அதெல்லாம் நல்லாத்தான் காய்ச்சுவாக,” என்றாள் அயித்தை.

நான் வெகுநேரம் யோசித்தேன். இனிப்புக் குறைந்துபோனதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று பட்டது. அடுத்த தடவை மாமா வரும்போது கற்கண்டை நானே அள்ளிப் போடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.