என் தங்கை பெயரில் கட்டிய பிராது

"இன்னா வேணும்னு எழுதட்டும்?" என்று கேட்டார் பிராது எழுதுகிறவர்.

"அவன் கை ரெண்டும் போவணும்னு எழுதுங்க" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அங்கே வருகிறவர்கள் களவு போன நகை கிடைக்க வேண்டும், ஓடிப்போன புருஷன் திரும்பி வர வேண்டும் என்றுதான் பெரும்பாலும் எழுதச் சொல்வார்களாம். "நீங்க டீச்சருங்களா?" என்றார். "ஆமா, அதுக்கு இன்னா இப்ப?" என்றேன். அவர் எழுதி முடித்தார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உளுந்தூர்பேட்டையைத் தாண்டிப் போனால் அந்தக் கோயில். கோர்ட்டில் மனுப் போடுவதுபோல் சாமிக்கு ஒரு மனு எழுதி, முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். அதற்குப் பெயர்தான் பிராது. தொண்ணூறு நாளைக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும் என்பது நம்பிக்கை. மனுதாரர் பெயர் என்ன என்று கேட்டபோது நான் என் பெயரைச் சொல்லவில்லை, என் தங்கச்சி பெயரைச் சொன்னேன். அடிபட்டவள் அவள்தானே, அவள் பெயரில் போனால் சாமி சீக்கிரம் விசாரிக்கும் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கச்சியைக் கல்வராயன் மலை அடிவாரத்தில், வெள்ளிமலைக்கு ரோடு ஏறுகிற இடத்துக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கே மக்காச்சோளம் போட்டால் பாதி காட்டுப்பன்றிக்குத்தான். கதிர் முற்றுகிற சமயத்தில் மலையிலிருந்து கூட்டமாக இறங்கும். அதற்காகச் சிலர் வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து, லைனில் கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். பொழுது சாய்ந்ததும் போடுவார்கள், விடிவதற்குள் எடுத்துவிடுவார்கள். தங்கச்சி புருஷனுக்குப் பெரியப்பா மகன் ஒருவன், பக்கத்து நிலத்துக்காரன், அவளுக்கு மூத்தார் முறை. அவனும் கம்பி போட்டிருந்தான். அன்றைக்கு எடுக்க மறந்து தூங்கிவிட்டான்.

காலையில் தங்கச்சி தன் ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள். அது அந்தக் கம்பியில் மாட்டிக் கிடந்தது. கரண்ட் இருக்கும் என்ற யோசனையே இல்லாமல் இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருக்கிறாள். இழுத்தவளைக் கம்பி விடவில்லை. எப்போது விட்டதென்று அவளுக்கே தெரியாது. நினைவு வந்தபோது வரப்பில் மல்லாந்து கிடந்தாள்.

இதுவரைக்கும் நடந்ததை விபத்து என்று சொல்லி நானே விட்டிருப்பேனோ என்னவோ. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவன் வந்தான், அவளைப் பார்த்தான். அவள் "மாமா, மாமா" என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். அவன் முதலில் போய்க் கொக்கியை எடுத்தான். பிறகு முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். வயலை முழுக்கச் சுற்றி வந்து கம்பியை வளையம் வளையமாகச் சுருட்டினான். சுருட்டியதைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்துதான், "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று கத்தினான். அவ்வளவு நேரமும் கை கருகி, கண் திறந்தபடி, அவன் சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என் தங்கச்சி. இதை எழுதும்போதும் எனக்குப் பல் நறநறவென்கிறது.

கள்ளக்குறிச்சியில் முதலுதவி செய்து வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மிஞ்சின. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் கூட இருந்தேன். தினமும் காலையில் கட்டுப் பிரிப்பார்கள். வார்டே அதிரும்படி கத்துவாள். நர்ஸைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள். கட்டு முடிந்ததும் நர்ஸிடம், "கோச்சிக்காதீங்க சிஸ்டர்" என்பாள். என்னிடம் அந்த மரியாதைகூடக் கிடையாது.

அவள் சில வருஷத்துக்கு முன்பு வெள்ளிமலையில் ஒரு ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தவள். நான் அதைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. "ஏண்டி, உங்க சாமிக்குக் காது மந்தமா? இந்தக் கத்துக் கத்துறீங்க?" என்பேன், அவளும் சிரிப்பாள். ஆஸ்பத்திரியில் ஒருநாள் நிஜமாகவே கோபத்தில் கேட்டேன். "நீ கெடந்து துடிச்சப்ப உங்க ஏசப்பா எங்கடி போனாரு?"

"அவரு கையிலயும் ஆணி அடிச்சாங்கக்கா" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

பத்து நாள் கழித்து அந்த ஆள் வார்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஆப்பிள் பை. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு எழுந்தேன். அடித்தும் இருப்பேன், தங்கச்சி போட்ட சத்தத்தில் நின்றேன். அவனை உள்ளே கூப்பிட்டாள். அவன் கட்டிலுக்கு நாலடி தள்ளியே நின்றான்.

"மாமா, போலீஸ் வந்து கேட்டா கண்டதக் கண்டபடி சொல்லுவேன். நா கூப்புடக் கூப்புட நீங்க கம்பியச் சுருட்டிக்கினு இருந்ததயும் சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க மேல எனக்கு வன்மம் இல்ல. அத விட்டுட்டேன். நீங்க வூட்டுக்குப் போய்ட்டு வாங்க."

அவன் அந்தப் பையைக் கீழே வைக்கவும் தெரியாமல் எடுத்துப்போகவும் தெரியாமல் நின்றுவிட்டுப் போனான். இரண்டு நாளில் போலீஸ் வந்தது. சொன்னபடியே ஒன்று விடாமல் சொன்னாள். கிணற்றிலிருந்து கம்பியை எடுத்தார்கள், அவனை ரிமாண்ட் செய்தார்கள்.

அவள் பயந்துகொண்டு உண்மையை மறைத்திருந்தால் கோழை என்று திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சொந்தக்காரன் என்று மூடி மறைத்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும், ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். இவள் அவனை ஜெயிலுக்கும் அனுப்பிவிட்டு, மனதிலிருந்து விட்டும்விட்டாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை. நீ விட்டால் விடு, நான் விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டு அந்த வாரமே பஸ் ஏறினேன். அப்படிக் கட்டியதுதான் அந்தப் பிராது.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். அவளைப் பார்க்க என்பது பாதி உண்மைதான். அவன் உள்ளே இருக்கிறான், வயலுக்குக் காவல் இல்லை, பன்றி மேய்ந்து துவம்சம் செய்திருக்கும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக் கொறித்துக்கொண்டே போனேன். அத்தனை நாளில் நான் சந்தோஷமாகச் சாப்பிட்டது அதைத்தான்.

நினைத்தபடியே வயலில் பாதி நாசம். நின்று ஆசை தீரப் பார்த்தேன். மிச்சப் பாதியில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. கிட்டே போனால், அந்த ஆளின் பெண்டாட்டி கதிர் ஒடித்துக்கொண்டிருக்கிறாள், கூடச் சேர்ந்து ஒடிப்பது என் தங்கச்சி புருஷன்!

"இன்னாய்யா பண்ற இங்க?"

"அவதாங்கா அனுப்பனா. நாலு நாளா பன்னிக்குக் காவலும் நாந்தான்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

நேரே வீட்டுக்குப் போனேன். தங்கச்சி அந்த இரண்டு விரலில் டம்ளரைத் தூக்கப் பழகிக்கொண்டிருந்தாள். முந்தானையெல்லாம் தண்ணீர். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். பேச்சோடு பேச்சாக, "நீ இன்னா வேணா பண்ணு. நா உம் பேர்ல பிராது கட்டிட்டேன். கெடு முடியறதுக்குள்ள அவனுக்குக் கை போவும், பாத்துக்கினே இரு" என்றும் சொல்லிவிட்டேன்.

"எம் பேர்லயா?" என்றாள். "எங் கை மாதிரியே போவணும்னா எழுதன?"

"ரெண்டும்" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கட்டுப் பிரிக்கும்போது அவள் கத்திக் கேட்டிருக்கிறேனே தவிர, அழுது பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள். கண்ணைத் துடைக்கக் கையில்லாமல் தோளில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். நான் துடைக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். கட்டிய பிராதை மனுதாரர்தான் வந்து வாபஸ் வாங்க வேண்டும். "வேதக்காரி நீ, கோயிலுக்குள்ள வரலாமாடி?" என்று கேட்டுப் பார்த்தேன். "சண்டய முடிக்கத்தான போறேன், ஏசப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தக் கூட்டம். பஸ் திரும்புகிறபோதெல்லாம் அவளுக்குப் பிடித்துக்கொள்ளக் கையில்லை. இடுப்பைச் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன். வெட்டிய கை கம்பியில் இடித்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், வாபஸ் வாங்காமலே திரும்பிப் போய்விட வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் என்று கேட்காதீர்கள்.

கோயிலில் அதே எழுத்தர்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "கையெழுத்து போடுங்கம்மா" என்று தாளை நகர்த்தியவர், அவள் கையை மூடியிருந்த முந்தானையை விலக்கியதும் நிறுத்தினார். பிறகு, "இவ்ளோ நடந்திருக்கு. சாமி பாத்துக்கும், வுட்டுட்டுப் போயேம்மா. எதுக்கு வாபஸு?" என்றார். எனக்கு அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும்போல் இருந்தது.

தங்கச்சி சொன்னாள்: "இதுல எழுதிக்கீறது இன்னான்னு எங்கக்காவுக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அது இன்னொருத்தருக்கு வேணாங்க, அவரா இருந்தாலும் வேணாம்."

சுண்டுவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தாள். சரியாகப் பதியவில்லை, இன்னொரு தடவை வைத்தாள்.

நான் தூணில் சாய்ந்து நின்றேன். கை போக வேண்டும் என்று நான் சொன்னது மூன்று வார்த்தை. அதற்குள் என்ன இருக்கிறது என்று அறிந்த ஒரே ஆள் அவள், அவள்தான் வேண்டாம் என்கிறாள். ஆணி அடித்த கை என்று ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. இவளை இப்படிப் பேசவைக்கிற ஒருவர் உண்மையாகவே இருக்கிறார், அவருக்கும் வலி இன்னதென்று தெரியும் என்று நம்பினேன். நம்பியது முனியப்பர் கோயில் மண்டபத்தில் என்று சொன்னால் இன்றைக்கும் அந்த ஜெபவீட்டு பாஸ்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், நடந்தது அங்கேதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் குடியிருக்கிற தியாகதுருகத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளிமலைக்குப் போகிறேன். ஞானஸ்நானமும் எடுத்துவிட்டேன். அதனால் நான் பூனைக்குட்டி ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஆள் ஜாமீனில் வந்துவிட்டான், கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. தண்டனை கம்மியாக வந்தால் எனக்கு வயிறு எரியும். எதிரே அவன் வந்தால் நான் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். அவனுக்காக இல்லை, என் செருப்புக்காக.

ஆராதனை முடிவில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஜெபம் ஒன்று உண்டு. அதில் எங்களுக்குக் கெடுதல் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று ஓர் இடம் வரும். ஆண்டவர் முன்னால் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன். தங்கச்சி பக்கத்தில்தான் நிற்பாள். அவளுக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் அவள் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள்.