வெள்ளிக்கிழமை மீனும் ஹைட்ரஜன் குண்டும்

அணுகுண்டுக்கு எதிராகக் கடலோர ஊர்களில் பேசப் போகிறோம், அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நல்லாப் போய் வாம்மா. என்னிடம் இருப்பது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட அனுபவம். ஆனால் அவ்வளவு சிரித்த பயணம் என் ஆயுசில் வேறு இல்லை.

1958. நானும் என் நாத்தனார் மங்கையும் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போனோம். ஹைட்ரஜன் குண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் போட்ட சின்னக் குழு எங்களுடையது. மங்கை மேடையில் பேசுவாள். நான் துண்டறிக்கை கொடுப்பேன். அவள் எல்லை மீறினால் பின்னாலிருந்து முந்தானையை இழுப்பேன். இருவருமே சைவக் குடும்பம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து இருபத்துநாலு மைல். ரயில் ஆடி அசைந்து ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. டிக்கெட் ஒரு ரூபாய்க்குள்தான், சரியான தொகை மறந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் வரை, புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தபோது, எல்லையில் சுங்கக்காரர்கள் பெட்டியைக் கிளறிக் கொட்டுவார்கள். இப்போது கேட்பாரில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடி ராணி மாதிரி போய் இறங்கினோம்.

பிலோமின் அக்கா வீட்டில் தங்கல். எங்கள் குழுவுக்குப் புதுச்சேரியில் இருந்த ஒரே ஆள்; பள்ளிக்கூட டீச்சர், கோயிலுக்குத் தவறாத கிறிஸ்தவக் குடும்பம். வியாழக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் கூட்டம். வெயில் சாய்ந்து காற்று வாங்க ஊரே வரும் நேரம். மங்கை எடுத்தாள் பாருங்கள்! ஜப்பான் மீனவர்கள் படகின் மேல் குண்டுச் சாம்பல் கொட்டியது, அவர்கள் பிடித்து வந்த மீனை யாரும் தொடாமல் புதைத்தது, எல்லாம் சொன்னாள். "கடல் ஒண்ணுதாங்க! அந்தத் தண்ணிதான் இந்தத் தண்ணி! நாளைக்கு உங்க குழம்புச் சட்டியிலும் அந்த மீன் வரும்!" நான் முந்தானையை இழுத்தேன். கைதட்டலில் அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை பிலோமின் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எங்களுக்காகவா அக்கா?" என்றேன்.

"எல்லாருக்கும்தான். ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்து வெள்ளிக்கிழமை, கறி ஆகாது, மீன்தான் செய்வோம். ஆனா மங்கை நேத்து அப்படிச் சொல்லிப்புட்டாளே? எங்க தெருவுல ஒரு வீட்லயும் இன்னிக்கு மீன் வாங்கல."

வருஷத்தில் மீன் மிக அதிகமாக விற்கும் நாட்கள் இந்த வெள்ளிக்கிழமைகள்தான். கடலையே பார்க்காமல் வளர்ந்த விழுப்புரத்துக்காரிகளுக்கு, அதுவும் சைவத்துக்கு, இது எங்கே தெரியும்? மார்க்கெட்டுக்கு ஓடினோம்.

கூடை கூடையாக மீன் அப்படியே கிடந்தது. கனகசெட்டிக்குளத்திலிருந்து பத்து மைல் சுமந்து வந்த அஞ்சலாட்சி என்ற அம்மாள் மங்கையை அடையாளம் கண்டுவிட்டார்.

"இந்தா பொண்ணு, நீதான நேத்து மைக்குல கத்துனவ? எம்மீன்ல எங்க இருக்கு வெசம், காட்டு! வெயில் ஏறிட்டா மொத்தமும் நாறிப்போவும். எம்புள்ளைங்க இன்னிக்கு எத்தத் தின்னும்?"

மங்கை கடல் நீரோட்டம், காற்று என்று ஏதோ விளக்கினாள். சுற்றி நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க, நிறுத்துடி" என்று நான் அவள் காதில் சொன்னேன்.

"பேச்செல்லாம் வாணாம்," என்றார் அஞ்சலாட்சி. "நீ பேசினதை நம்பித்தான ஜனம் வாங்கல? நீயே தின்னு காட்டு. நம்புவாங்க."

எதிரே பலகாரக் கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அஞ்சலாட்சியே வஞ்சிரத்தில் ஒரு துண்டம் நறுக்கி, மிளகாய் தடவி வறுக்கச் சொன்னார். மங்கை என்னைப் பார்த்தாள். அம்மா முகம் அவளுக்குக் கண்ணெதிரே வந்திருக்கும். எனக்கோ பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இன்னொண்ணு கிடைக்குமா?" என்றாள்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பையோடு தயங்கி நின்ற வீட்டுக்காரிகள் பேரம் பேச ஆரம்பித்தார்கள். பதினோரு மணிக்கெல்லாம் கூடைகள் காலி. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் சொல்லமாட்டேன் என்று மங்கையிடம் சத்தியம் செய்தேன். அவள் கண்ணை மூடிய பிறகுதான் இதை எழுதுகிறேன், மன்னித்துக்கொள்வாள்.

போகிறவர்களுக்கு: காலை ரயிலில் போங்கள், மத்தியான வெயிலில் கடற்கரையில் நிற்கவே முடியாது. உள்ளூர்க்காரர் வீட்டில் தங்குங்கள். ஆனால் அவர் என்றைக்கு என்ன சமைப்பார் என்று மேடை ஏறுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பயமுறுத்துவது சுலபம். அந்தப் பயம் யார் கூடையில் போய் விழும் என்று பார்த்துப் பேசுங்கள். முடிந்தால் மைக்கை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் அன்று சாயங்காலமே கொடுத்தோம். அதே கடற்கரை, அதே கூட்டம். அஞ்சலாட்சி மைக்கை உலக்கை மாதிரி பிடித்துக்கொண்டார்.

"எம்மீனு நல்ல மீனு. காலையில இந்தப் பொண்ணு தின்னுச்சு, நீங்க பாத்தீங்க, வாங்கினீங்க. ஒரு காலையில என் கஷ்டம் தீந்துச்சு. ஜப்பான்ல என்னாட்டமே ஒருத்தி கூடைய வெச்சிக்கினு குந்தியிருந்திருப்பா இல்ல? அவ மீனை யாரு தின்னு காட்டுவா?"

இந்த முறை நான் யார் முந்தானையையும் இழுக்கவில்லை.