அப்பாவுக்குப் பூனை பார்த்த கதை

பெண் பார்ப்பதைவிட, மாப்பிள்ளை பார்ப்பதைவிட, அப்பாவுக்குப் பூனை பார்ப்பது பெரும் பாடாக இருந்தது. இப்படிச் சொன்னால் என் கணவர் ஒத்துக்கொள்ள மாட்டார். என்னைப் பார்க்க வந்த அன்று தான் பட்ட பாட்டை எடுத்து விடுவார். ஆனாலும் உண்மை அதுதான்.

அப்போது நாங்கள் மடவளைக்குப் போகும் ரோட்டில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேருக்கும் கண்டி டவுனில் வேலை. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வீடு வருவோம். அந்த வீட்டுக்குத்தான் தெல்தோட்டையிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்தேன். கூட்டி வந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. இழுத்து வந்தேன்.

அம்மா போன பிறகு அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாகத்தான் இருந்தார். தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். போன் எடுத்தால் "நல்லாத்தான் இருக்கேன், நீ ஓன் வேலையப் பாரு" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். அடுப்பில் சாம்பல் ஈரம் ஏறிக் கட்டியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க சமைக்கிறாரு? நாங்க கொண்டாந்து குடுத்தாலும் வாங்கி மூடி வச்சிடுறாரு. பிளேன்டீயும் ரொட்டியுமாத்தான் காலம் ஓடுது" என்றார். அப்பாவின் சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும் போலிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியில்தான் ஆத்திரம், உள்ளே முழுக்கப் பயம். அம்மாவுக்குப் பின்னால் இவரும் கிளம்பிவிடுவார் என்ற பயம். அன்றே துணிமணியைக் கட்டினேன்.

மாடிவீட்டில் அப்பா யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். லயத்து வீட்டுச் சாவி எப்போதும் சட்டைப் பையில் இருந்தது. நான் காலையில் மூடி வைத்துப் போகும் சோறு, மாலையில் வந்து பார்த்தால் கோழி கொத்தியது போல ஓர் ஓரத்தில் மட்டும் குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "நான் போறேன் புள்ள" என்று எழும்பி நிற்பார்.

"அங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்பேன்.

அப்பா சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார். அந்தக் கேள்வி ஒன்றை வைத்துத்தான் நான் அவரைப் பிடித்து வைத்திருந்தேன்.

கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டுக்கார ராத்தா. முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மடவளையில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளெல்லாம் கலியாணம் முடித்துப் போன பிறகு வீட்டைப் பூனைகளுக்கு எழுதி வைத்தது போல வாழ்ந்தார். நல்ல கதிரைகளில் பூனைகள் இருக்கும், விருந்தாளிகள் பாயில் இருப்பார்கள். அவர்தான் ஒரு நாள் என்னை வாசலில் மறித்து, "ஒரு பூனய வெச்சுப் பாருங்களே புள்ள. தனிய ஈக்கிற மனிசனுக்கு நல்லது" என்றார்.

எனக்குப் பூனையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூனை என்றால் பூனைதானே என்று நினைத்திருந்தேன். ராத்தா கல்யாணத் தரகரைப் போலத் தொடங்கினார். "அப்பா பேசுற ஆளா, பேசாத ஆளா? கோவம் வருமா? வெள்ளன எழும்புவாரா? ஒரு எடத்துல ஈப்பாரா, நடந்து திரிவாரா?" இவ்வளவு விவரம் என் கணவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

"பேசவே மாட்டார்" என்றேன். அப்படியென்றால் பேசுகிற பூனையாகக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது என் யோசனை. ராத்தா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை.

அப்படி முதலில் மாடியேறியது அவரிடம் இருந்த சியாமீஸ் பூனை. உடம்பு பால்தேத்தண்ணி நிறம், முகமும் காதும் வாலும் மட்டும் கரியில் தோய்த்தது போல இருக்கும். கண் நீலம். பார்க்க அவ்வளவு அழகு, வாயைத் திறந்தால் போச்சு. பச்சைக் குழந்தை அழுகிற குரல். சியாமீஸ் ஒருவரைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும், அவர் எங்கே போனாலும் பின்னால் போகும், கூப்பிட்டால் பதில் எதிர்பார்க்கும். பதில் வராவிட்டால் இன்னும் உரக்கக் கேட்கும். அப்பாவோ எனக்கே பதில் சொல்லாதவர்.

"என்னா புள்ள இது, கொழுந்து நிறுக்கிற எடத்துலகூட இம்புட்டு சத்தம் இல்ல" என்றார் நான் வேலை விட்டு வந்ததும். "கேள்வி மேல கேள்வி கேக்குது. நான் எதுக்குன்னு பதில் சொல்றது?" சியாமீஸ் அந்த வாரமே படியிறங்கியது. போகும்போதும் ஏதோ சொல்லிக்கொண்டேதான் போனது.

அடுத்து ராத்தா வீட்டு நாட்டுப் பூனை. செம்பட்டை நிறம், கிழிந்த காது. அதை யாரும் தூக்கி வரவில்லை, கருவாட்டு வாசத்துக்குத் தானாக வந்தது. அப்பாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "இதான் பூன. பாரு, எலி புடிக்கிற கண்ணு" என்றார். நாட்டுப் பூனைக்கு நோய் வருத்தம் வராது, வைத்தியம் வேண்டாம், எதைப் போட்டாலும் தின்னும், மூடிய கதவையும் திறக்கத் தெரியும். ஆனால் அதற்கு யாரும் தேவையில்லை. சாப்பிட்டு முடித்ததும் வாயை நக்கிக்கொண்டு யன்னல் வழியாகப் பலாமரத்தில் தாவிப் போய்விடும். அப்பா அதன் பிறகு பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோட்டைப் பார்த்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

என்னோடு வேலை செய்தவர் வீட்டில் சாம்பல் நிறத்தில் பிரிட்டிஷ் பூனை ஒன்று இருந்தது. உருண்டை முகம், கம்பளி போலத் தடித்த ரோமம், எதற்கும் பதறாத குணம். மடியில் வைத்தால் பிடிக்காது, ஆனால் நாம் எந்த அறையில் இருக்கிறோமோ அதே அறையில் தள்ளி உட்கார்ந்துகொள்ளுமாம். அது குட்டி போட்டிருப்பதாகச் சொன்னார்கள். நல்ல பொருத்தம் என்று நினைத்து அப்பாவிடம் சொன்னேன்.

"வெள்ளக்காரன் பூனையா?" என்றார். "அவனுக்கு நாங்க ஒழைச்சது பத்தாதா? அவன் பூனைக்கும் ஒழைக்கணுமா?"

என் கணவர் குசினிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அந்தச் சம்பந்தமும் தட்டிப் போனது.

கடைசியில் ராத்தா தானே ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பாரசீகப் பூனை. அவர் சொல்வது பெர்ஷியன். பால்கோவா நிறத்தில் நீள நீளமாக ரோமம், உள்ளே உடம்பு எங்கே இருக்கிறது என்று தடவித்தான் பார்க்க வேண்டும். முகம் தட்டை, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு. மரமேறாது, தாவாது, கத்தாது. ஆனால் தினமும் சீவ வேண்டும், கண்ணில் வடியும் நீரைத் துடைக்க வேண்டும், வெளியே விடக்கூடாது, மீனை அவித்து முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்கும்போதே எனக்குக் களைத்துவிட்டது.

"இவ்வளவு வேலையையும் அப்பா செய்வாரா ராத்தா?"

"வேல இல்லாமத்தான் புள்ள அவர் இப்பிடி ஈக்கார். குடுத்துப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, பூனையை அப்பாவின் மடியில் வைத்து, அவர் வாயைத் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது படியிலேயே கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்கிற வாசம் அடித்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று பதறி ஓடினேன். அப்பா நன்றாகத்தான் இருந்தார். அவருடைய மண்ணிற மப்ளர் பூனையின் கழுத்தில் இருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் எனக்கு அம்மா கட்டிவிடுகிற அதே முடிச்சு.

"சளி கட்டியிருக்கு" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "மூச்சு கர்ரு கர்ருன்னு இழுக்குது பாரு. கண்ணுல தண்ணி. மூக்கு அடைச்சு அடைச்சு உள்ளயே போயிருச்சு. கீழ்வீட்டு அம்மா கவனிக்காம விட்டுட்டாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன் சாதியே அப்படித்தான், அதன் தாய்க்கும் மூக்கு அப்படித்தான், மூச்சுச் சத்தம் பிறவியிலேயே உள்ளது என்று எடுத்துச் சொன்னேன்.

"எந்தப் பூனையாவது பொறக்கும்போதே சளியோட பொறக்குமா? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

லயத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் கொத்தமல்லித் தண்ணிதான், மப்ளர்தான். அதற்குப் பூனை மட்டும் விதிவிலக்கா? தினமும் பின்னேரம் அப்பா கொதிக்க வைப்பார், ஆற்றுவார், தட்டில் ஊற்றி வைப்பார். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீணாக்கக்கூடாதென்று அப்பாவே அதைக் குடித்துவிடுவார். விஷயம் கேள்விப்பட்ட ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் ஒன்றும் திருத்தவில்லை. "கட்டிட்டு ஈக்கட்டும் விடுங்கோ, குளிர்தானே" என்றார்.

அந்தப் பூனைக்கு இன்னொரு குணம் இருந்தது. பெர்ஷியன் எல்லாவற்றுக்கும் உண்டா, இதற்கு மட்டுமா என்று எனக்குத் தெரியாது. தனியாகச் சாப்பிடாது. மீனை வைத்துவிட்டு நகர்ந்தால், தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நசுங்கிய முகத்தால் நம்மையே பார்க்கும். நாமும் உட்கார்ந்து வாயில் எதையாவது போட்டால்தான் குனியும். நான் மூடி வைத்துப் போகிற சோற்றுத் தட்டு மாலையில் காலியாக, கழுவிக் கவிழ்த்து இருக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ராத்தா கொடுத்த இரும்புச் சீப்பை அப்பா தொடவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு மரப் பேன்சீப்பை எடுத்து வந்தார். அம்மாவுடையது. என் தலையைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு அம்மா இழுத்த இழுப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா அப்படி இழுக்கவில்லை. ரோமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, சிக்கை விரலால் எடுத்துவிட்டு, பிறகு சீப்பை வைப்பார். பூனை கண்ணை மூடிக்கொண்டு கர்ரு கர்ரென்று இருக்கும். பார்க்கும்போது சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவருடைய கன்னத்தில் சதை வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் "நான் போறேன்" என்பதும் நின்றுவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று கணவரிடம் பெருமை அடித்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியிலிருந்து வருகிறேன், அப்பா சலவைச் சட்டையோடு நிற்கிறார். கையில் பன்புல்லில் பின்னிய, மூடி போட்ட கூடை.

"நான் போறேன் புள்ள."

"அங்க உங்களுக்கு யாரு இருக்கா?" பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

அப்பா சாவியைத் தொடவில்லை. கூடையின் மூடியைத் தூக்கினார். மப்ளர் கட்டிய தலை ஒன்று வெளியே வந்து என்னைப் பார்த்தது.

"இது இருக்கே" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே ராத்தாவிடம் ஓடினேன். பூனையைத் தர முடியாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா கூடையை வைத்துவிடுவார் என்ற கணக்கு. ராத்தா படிக்கு வந்தார். "தோட்டத்துல நாய் ஈக்குமே, அட்ட ஈக்குமே ஐயா?" என்றார்.

"வெளிய விடமாட்டேன்மா. கதவுக்குக் கம்பிவலை அடிச்சிட்டு வந்திருக்கேன்."

போன வாரம் ஓய்வூதிய அலுவலாக என்று சொல்லிவிட்டுத் தெல்தோட்டைக்குப் போய் வந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராத்தா என் பக்கம் திரும்பி, "பூனய குடுத்தாச்சு புள்ள. குடுத்தத திருப்பிக் கேக்க ஏலா" என்றார். பூனையின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

கண்டி பஸ் ஸ்டாண்டில் தெல்தோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் கூடையைப் பார்த்து, "நாய்க்குட்டியா ஐயா?" என்றான். "பூன. சளி புடிச்சிருக்கு, யன்னல சாத்து" என்றார் அப்பா. நான் கோபத்தில் கைகூடக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்தால் யன்னலோரக் கதிரை முழுக்கப் பால்கோவா நிற ரோமம். பல நாள் அதைத் தட்ட மனம் வரவில்லை.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி சொல்லாமல் தெல்தோட்டைக்குப் போனேன். சும்மா போகவில்லை, திருப்பிக் கூட்டி வரத்தான். பஸ்ஸில் பேச்செல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். லயத்து மேட்டில் ஏறும்போதே எங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் புகை தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்டதும், "ஓங்கப்பாவோட பெரிய ரோதனம்மா. அந்தப் பூனைக்கு நேரம் தப்பக்கூடாது, மீன்காரன் வரலன்னா எங்க வீட்டுக்கு வந்து கருவாடு கேக்குறாரு" என்றார்.

கம்பிவலைக் கதவைத் திறந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கொத்தமல்லித் தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. கீழே இரண்டு தட்டுகள் இருந்தன, ஒன்றில் முள் எடுத்த மீன், மற்றதில் சோறு. அப்பா உட்காரும் பலகையைப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"நான் ஒக்காந்தாத்தான் அது சாப்பிடும்" என்றார், ஏதோ குறை சொல்கிறவர் போல.

அலுமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு நானும் கீழே உட்கார்ந்தேன். பூனை அப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நான் முதல் வாய்ச் சோற்றை விழுங்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் குனிந்து சாப்பிடத் தொடங்கியது.