கடைசி அத்தியாயத்தைத் தைத்துவிட்டார்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிய காலத்தில், வார இதழ்களில் வரும் விஞ்ஞானத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துத் தைத்து, எங்களுக்குள் சுற்றுக்கு விடுவோம். கடைசி அத்தியாயத்தை மட்டும் தைக்க மாட்டோம். அது என் டிரங்குப் பெட்டியில் இருக்கும். படித்தவன் டீக்கடைக்கு வந்து, தான் எழுதியிருந்தால் கதையை எப்படி முடித்திருப்பான் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கடைசி அத்தியாயம் கையில் கிடைக்கும். "நீங்க ராக்கெட் உடுறதுக்குள்ள என் பால் பொங்கிடுது" என்பார் டீக்கடைக்காரர்.

பாடி பகுதியிலிருந்து வரும் வெல்டர் நண்பன் ஒருவன் ஒரே ஒரு கதையில் மாட்டிக்கொண்டான். பல தலைமுறை கழித்துப் பூமிக்குத் திரும்பும் கப்பல். கீழிருந்து பதிலே வரவில்லை. இறங்குவதா, திரும்பிப் போவதா? ஒரு முடிவோடு வருவான். டீ ஆறுவதற்குள், "இல்ல மச்சான், வாபஸ். கொழந்தைங்க கீதுங்க உள்ள" என்பான். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் ஃபோனில் இதே பேச்சுதான். கடைசி அத்தியாயத்தை அவன் கேட்கவே இல்லை.

என் மகளும் விஞ்ஞானக் கதைப் பைத்தியம்தான். அவளுடைய ஐடி கூட்டாளிகள், படம் வெளியான அன்றே பார்த்து, விடிவதற்குள் இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் போட்டு, அடித்துக்கொண்டு ஓய்ந்துவிடுவார்கள். எங்கள் குடியிருப்பின் கூடத்தில் ரசிகர் சந்திப்பு வைக்கிறோம், பழைய தொகுப்புகளைக் கொடு என்றாள். டிரங்குப் பெட்டியோடு பெருமையாகக் கொடுத்தேன்.

அன்று நண்பனும் வந்தான். மேசையில் எல்லாம் பளபளவென்று புது அட்டையில் இருந்தன. அவன் கப்பல் கதையை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். சட்டென்று மூடினான்.

"எறங்கிட்டானுங்க மச்சான்" என்றான். "கண்ணுல பட்டுட்ச்சு."

பெட்டியிலிருந்த கடைசி அத்தியாயங்களையும் எடுத்துச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்!

"யாரைக் கேட்டுத் தைச்சேம்மா?" என்று மகளிடம் கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

"முடிவு இல்லாம எப்படிப்பா வைக்கிறது? கிழிஞ்சு போச்சுன்னு நெனச்சோம். ரிப்பேர்தானே பண்ணோம்?"

ரிப்பேராம்! யாராவது ஒரு படத்தின் முடிவைச் சின்னதாகச் சொல்லிவிட்டால், கதையைக் கெடுத்துவிட்டான் என்று வாட்ஸ்அப் குழுவை விட்டே விரட்டுகிறவர்கள் இவர்கள். இத்தனை வருடம் ஒருத்தன் நெஞ்சில் சுமந்த கப்பலை ஊசி நூலால் தரையிறக்கிவிட்டார்கள்.

மகள் முகம் வாடியது. "மாமா, நீங்க எப்படி முடிச்சிருப்பீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"இப்போ கேட்டு இன்னா பண்ணப் போறே கண்ணு?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிளேடு வாங்கி வரச் சொல்லி, மீதித் தொகுப்புகளின் கடைசி அத்தியாயங்களை அங்கேயே உட்கார்ந்து அறுத்தெடுத்தேன். மகள் தடுக்கவில்லை. உதவவும் இல்லை.